மைக் இல்லாத காலத்துக் குரல்



கொஞ்சம் நீளமான பதிவு. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த ஒரு பெண் போன் பண்ணினாள். இப்போது அவளும் ஆசிரியைதான். பெயரைச் சொன்ன பிறகுதான் ஆள் தெரிந்தது, குரல் அப்படிக் கரகரத்துக் கிடந்தது. "டீச்சர், டாக்டர் ரெண்டு வாரம் பேசவே கூடாதுங்கிறார். நீங்க அறுபது எழுபது பேரை வச்சுக்கிட்டு எப்படிக் கத்தாமலே பாடம் நடத்துனீங்க?" என்று கேட்டாள். எழுதிப் போடுகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் அது நூறு வருஷத்துக் கதையாக நீள்கிறது. நான் முப்பது வருஷமாக வெளியே சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயமும் அதற்குள் இருக்கிறது.

நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது 1981-இல். குழந்தை உளவியல் படித்தோம். பாடக்குறிப்பு எழுதப் படித்தோம். கரும்பலகையில் கோடு கோணாமல் எழுதக்கூடப் பழகினோம். ஆனால் முப்பத்தைந்து வருஷம் எதை வைத்துப் பிழைக்கப் போகிறோமோ அந்தக் குரலைப் பற்றி ஒரு மணி நேரப் பாடம்கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், 1986-இல், எனக்குத் தொண்டை போய்விட்டது. காலையில் காற்று மட்டும் வரும், சத்தம் வராது. மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. வேலையை விட்டுவிடலாமா என்று அம்மாவிடம் அழுதேன். "சின்னத் தாத்தாவைப் போய்ப் பாரு" என்றார்கள் அம்மா.

சின்னத் தாத்தா என்றால் அம்மாவின் சித்தப்பா. உறவுகளில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திண்ணையில் ஒரு பழைய ஹார்மோனியத்தை வேட்டியால் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. பத்து வயதில் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தவர். நான் கீச்சுக் குரலில் நிலைமையைச் சொல்லி முடித்ததும் சிரித்தார். "தாயி, நீ தொண்டையால பேசுற. தொண்டை என்ன, வாசப்படி. வாசப்படியிலயே குடித்தனம் பண்ணுனா அது தேயாம என்ன செய்யும்?" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லுமுன், அவருக்கு அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். கொஞ்ச காலம் உப்பு வியாபாரத்தில் கணக்கு எழுதினார். இருபத்து நாலு வயது வாக்கில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்களாகவே கட்டினார். பிறகு வேஷம் கட்டுவதை விட்டு, எழுதுவதும் கற்றுக் கொடுப்பதுமே வேலை என்று ஆனார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், பிரகலாதன், அபிமன்யு சுந்தரி எல்லாம் அவர் கை. அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவரிடம் பாடம் கேட்ட டி.கே. சண்முகம் பதிவு செய்திருக்கிறார்.

அந்த நாடகங்களில் பாதிக்கு மேல் செய்யுள்தான். ராஜா அறிமுகமாகும்போது விருத்தம், வாக்குவாதத்துக்கு வெண்பா, அழுகைக்கு ஒரு மெட்டு, நடுவில் கலித்துறை, சிந்து, கும்மி, கண்ணி. குறள் கருத்தும் நீதிநூல் கருத்தும் ஊடே வந்துகொண்டே இருக்கும். ஆகவே அதை நடிக்கிறவனுக்கு யாப்பு தெரியாவிட்டாலும் யாப்பு நாக்கில் இருக்க வேண்டும். இதில்தான் சிக்கல் வந்தது. அந்தக் காலத்துப் பெரிய நடிகர்கள் ஊர் ஊராகத் தனித்தனியாக ஒப்பந்தம் பேசி வருவார்கள். மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று அதற்குப் பெயர். யார் குரல் ஓங்குகிறது என்ற போட்டியில் எழுதிய பாட்டை விட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் பாடுவார்கள். ராஜபார்ட் ஒரு பக்கம் இழுத்தால் ஸ்திரீபார்ட் ஒரு பக்கம் இழுக்கும். கதை நடுவில் கிடக்கும்.

பெரியவர்கள் கேட்கவில்லை என்றானதும் சுவாமிகள் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். 1910-இல் சமரச சன்மார்க்க நாடக சபை. செங்கோட்டை கிட்டப்பா சிறு பிள்ளையாகப் பயின்றது அங்கேதான். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தது அதில். இதைத் தொடர்ந்தும் இதை ஒட்டியும் தமிழ்நாடு முழுக்கப் பாய்ஸ் கம்பெனிகள் முளைத்தன. ஜெகந்நாதய்யர் கம்பெனியில் நவாப் ராஜமாணிக்கம் வளர்ந்தார். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பி.யு. சின்னப்பாவும் எம்.ஜி.ஆரும் இருந்தார்கள். சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமானார். எங்கள் சின்னத் தாத்தா அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அவரிடம் பாடம் கேட்டவர்தான் தாத்தாவின் வாத்தியார். நாடகத்தில் பாடம் சொல்லித் தருகிறவரை 'வாத்தியார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஒரு பெருமை.

இப்போது அந்த மேடையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கொட்டகையோ, கோயில் பொட்டலோ. காஸ் லைட் 'உஸ்' என்று இரைகிறது. கால் ஹார்மோனியம், மிருதங்கம். முன்னால் ஆயிரக்கணக்கில் ஜனம். கைக்குழந்தை அழுகிறது, சுக்குக் காப்பி விற்கிறான். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்போதுதான் மங்களம். மைக் கிடையாது. கடைசி வரிசையில் துண்டை விரித்துக் குந்தியிருக்கிறவன் காதில் வெண்பாவின் கடைசிச் சீர் விழ வேண்டும். விழவில்லை என்றால் விசில் வரும். அதற்கும் விழவில்லை என்றால் மண்ணாங்கட்டி வரும்.

அதனால்தான் சுருதியை ஏற்றிப் பாடினார்கள். 'ஐந்தரைக் கட்டை' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹார்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போவார்கள். இடையில் உள்ள கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். இன்று கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். ஐந்து, ஐந்தரை என்பது பெண்கள் பாடும் சுருதி. அன்றைய நாடக மேடையில் ஆண்களும் அங்கே போய் நின்றார்கள். கிட்டப்பா பேர் வாங்கியது அந்த உயரத்தில்தான். 1906-இல் பிறந்து 1933-இல், இருபத்தேழு வயதில் போய்விட்டார். இசைத்தட்டில் அவர் குரல் இன்றைக்கும் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். எவ்வளவு மேலே போனாலும் எழுத்து உடையாது. கே.பி. சுந்தராம்பாளும் அப்படியே. அந்த அம்மாள் வள்ளியாக நின்றாலும் நந்தனாராக நின்றாலும் சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும்.

வெறும் உயரம் பத்தாது என்பதுதான் சின்னத் தாத்தா எனக்குச் சொன்ன முதல் பாடம். "ரயில் ஊதுறதுகூட எட்டு ஊருக்குக் கேக்குது. என்ன சொல்லுதுன்னு யாருக்காச்சும் தெரியுமா?" என்பார்.

கம்பெனியில் விடியற்காலம் நாலு மணிக்கு எழுப்பிவிடுவார்களாம். முதலில் சரளி வரிசை, அகாரம். பிறகு கண்மாய்க் கரைக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பையன் இந்தக் கரை, இன்னொருத்தன் எதிர்க்கரை. இவன் ஒரு வெண்பாவைப் பாடாமல், வெறுமனே சொல்ல வேண்டும். அவன் காதில் விழுந்ததை எழுத்துக்கு எழுத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். 'வாளை' என்று சொன்னது அந்தக் கரைக்கு 'வாலை' என்று போய்ச் சேர்ந்தால் சொன்னவனுக்குப் பிரம்படி. இருட்டில் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் முடியாது. கத்தினால் இன்னும் மோசம். கத்தும்போது உயிரெழுத்துத்தான் பெரிதாகும், மெய்யெழுத்து அமுங்கிப்போகும். ஒரு வாரத்தில் பிள்ளைகள் தாமாகக் கண்டுபிடித்துவிடுவார்களாம், சத்தத்தைக் கூட்டுவதைவிட நாக்கை உரிய இடத்தில் வைப்பதுதான் அக்கரைக்குப் போகும் என்று.

இதைக் கேட்டபோது எனக்கு நன்னூல் ஞாபகம் வந்தது. வல்லினம் நெஞ்சிலும் மெல்லினம் மூக்கிலும் இடையினம் கழுத்திலும் பிறக்கும் என்று பரீட்சைக்கு எழுதினோமே, அதுதான். தொல்காப்பியப் பிறப்பியல் இன்னும் கீழே போகிறது. காற்று உந்தியிலிருந்து, அதாவது கொப்பூழிலிருந்து, கிளம்பித் தலை, கழுத்து, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைகொள்கிறது. பிறகு பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் எல்லாம் சேர்ந்து அதை எழுத்தாக்குகின்றன என்கிறது. தாத்தா தொல்காப்பியம் படித்தவரில்லை, மூன்றாம் வகுப்போடு சரி. நான் மார்க்குக்காக நெட்டுருப் போட்டது அவருக்கு வயிற்றில் இருந்தது. என் கையை எடுத்து என் வயிற்றிலேயே வைத்து, "இங்க இருந்து அனுப்பு தாயி. தோள் மேல போகக் கூடாது, வயிறு முன்னால வரணும்" என்றார். எனக்கு அதுவரை மூச்சு இழுத்தால் தோள்தான் ஏறும். உங்களில் பலருக்கும் அப்படித்தான். இப்போதே கண்ணாடி முன் நின்று பாருங்கள்.

இரண்டாவது பாடம்தான் பெரிசு. மூச்சை எங்கே எடுப்பது?

ஆங்கிலப் பாட்டில் இயைபு வரியின் கடைசியில் வரும். 'ட்விங்கிள் ட்விங்கிள்' பாடின பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். தமிழ்ச் செய்யுளில் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் நிற்கின்றன. முதல் சீரின் இரண்டாம் எழுத்து அடுத்த அடியின் முதல் சீரில் போய் மணி அடிக்க வேண்டும். அப்படியானால் ஒவ்வோர் அடியையும் புது மூச்சோடு தொடங்க வேண்டும். தொடக்கம் அமுங்கினால் அது செய்யுளாகவே காதில் விழாது. ஆனால் நம் மொழியில் வினை எங்கே வருகிறது? கடைசியில். வந்தானா போனானா, வாழ்ந்தானா செத்தானா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். ஆகவே மூச்சு அங்கேயும் மீதி இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஓசை நிற்கிறது, முடிவில் பொருள் நிற்கிறது. இரண்டு பக்கமும் கனமான காவடி மாதிரி. தொடக்கத்திலேயே மூச்சை எல்லாம் கொட்டிவிட்டுக் கடைசிச் சொல்லை முழுங்குகிறவன் பாதிப் பாட்டைத்தான் சொன்னான்.

இந்தக் காவடியைத் தூக்க வழியும் பாட்டிலேயே இருக்கிறது என்பார் தாத்தா. எண்சீர் விருத்தம் என்றால் நாலாம் சீரில் ஒரு சின்ன இளைப்பாறல். நேரிசை வெண்பா என்றால் இரண்டாம் அடியின் கடைசியில் தனிச்சொல் நிற்கும், அதில் ஏறி நின்று கீழே பார்த்துவிட்டு அடுத்த அடிக்கு இறங்கலாம். ஈற்றடி மூன்றே சீர் என்பதால் மூச்சு மிச்சமாகும், அந்த மிச்சத்தை முடிவுச் சொல்லுக்குக் கொடுக்க வேண்டும். வெண்பாவைக் கட்டின புலவன், சொல்கிறவனுக்கு எங்கே மூச்சு வேண்டும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறான். நாங்கள் வகுப்பில் அசை பிரித்தோம், சீர் பிரித்தோம், வாய்பாடு எழுதினோம். அது மூச்சுக்குப் போட்ட கணக்கு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. யாப்பு படித்துப் பத்து வருஷம் கழித்து, ஒரு திண்ணையில் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று. எந்த எழுத்தை இழுக்கலாம், எதை இழுக்கக் கூடாது? மேடையில் பாடுகிறவனுக்கு இழுக்கத்தான் ஆசை வரும். 'கல்' இழுபட்டால் 'கால்' ஆகிவிடும், 'மனம்' 'மானம்' ஆகிவிடும். நெடிலில்தான் ராகத்தை நிரவ வேண்டும், குறிலைத் தொட்டுவிட்டு ஓட வேண்டும். கம்பெனிப் பிள்ளைக்கு முதலில் பாட்டை ராகமில்லாமல் பல நாள் சொல்ல வைத்துப் பொருள் கேட்ட பிறகுதான் மெட்டுக் கொடுப்பார்களாம். ஆகக் குரலுக்கென்று தனியாகப் பயிற்சி எதுவும் இல்லை, பாட்டுத்தான் பயிற்சி. பாட்டு எங்கே மூச்சு கேட்டதோ அங்கே மூச்சு வளர்ந்தது.

இந்தப் பயிற்சி எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? தமிழில் முதல் பேசும்படம் 1931-இல் வந்தது. படத்தில் பாடவும் பேசவும் தெரிந்த ஆள் வேண்டுமென்றால் நாடகக் கம்பெனிக்குத்தான் வர வேண்டியிருந்தது. 1952-இல் 'பராசக்தி' நீதிமன்றக் காட்சியில் சிவாஜி மூச்சு விடாமல் பேசினார் என்று வாயைப் பிளந்தோமே, அவர் மூச்சு விடாமல் பேசவில்லை. எங்கே விட வேண்டும் என்று தெரிந்து பேசினார். அவரும் சிறு வயதில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் பாடம் கேட்ட பிள்ளை. அப்போது படத்தில் செய்யுள் இல்லை, வசனம்தான். ஆனால் அந்த வசனத்துக்கு அடியில் செய்யுளின் மூச்சு ஓடியது.

இதுவரை நல்ல பக்கம். மற்றப் பக்கத்தையும் சொல்லாவிட்டால் வரலாறு ஆகாது.

அவர்கள் பிள்ளைகள். எட்டு வயது, பத்து வயது. வீட்டில் சோறு இல்லாததால் பெற்றவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ போட்டு அனுப்பினவர்கள். ராத்திரி முழுக்க நாடகம், விடிகாலையில் சாதகம், தப்பினால் பிரம்பு. பதிமூன்று பதினாலு வயதில் ஒன்று வரும். கம்பெனியில் அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர். ஆண்பிள்ளைக்குக் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடிக்கும்போது குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. சில மாதம், சிலருக்கு வருஷக்கணக்கில், குரல் தன் வசத்தில் இருக்காது. மேலே போகும்போது உடையும். அது நோயில்லை, மீசை முளைக்கிற மாதிரி இயற்கை. ஆனால் ஐந்தரைக் கட்டையில் சம்பாதித்துக் கொடுத்த பிள்ளைக்கு அன்றோடு கதை முடிந்தது. பி.யு. சின்னப்பா மாதிரி ஒருசிலர் மறுபடி அசுர சாதகம் பண்ணி வேறு குரலோடு எழுந்து வந்தார்கள். எழுந்து வராதவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்படி எழுந்து வராத ஒருத்தர்தான் எங்கள் சின்னத் தாத்தா. சாவித்திரி வேஷம். ஓர் ஊரில் எமனோடு வாதம் பண்ணுகிற இடத்தில், மேல் ஸ்தாயியில் குரல் இரண்டாகப் பிளந்துவிட்டது. கொட்டகை முழுக்கச் சிரித்ததாம். எமனாக நின்றவரும் திரும்பிக்கொண்டு சிரித்தாராம். மறுநாளிலிருந்து திரை இழுக்கிற வேலை. "ஆறு மாசம் பொறுத்திருந்தா வேற குரல் வந்திருக்கும் தாயி. யாரும் பொறுக்கல. நானும் பொறுக்கல. அதுக்கப்புறம் நான் வாய விட்டுப் பாடவே இல்ல" என்றார். ஹார்மோனியம் கற்றுக்கொண்டு, வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் பாடுவதற்குச் சுருதி கொடுத்தார். எனக்கு அத்தனை சொல்லிக் கொடுத்தாரே, ஒரு தடவைகூடப் பாடிக் காட்டியதில்லை. சொல்லித்தான் காட்டினார்.

இதைத் திண்ணையில் உட்கார்ந்து கண் கலங்கக் கேட்டவள் நான். கேட்டு ஏழு வருஷம் கழித்து நான் செய்ததை இப்போது சொல்கிறேன்.

1993. செய்யுள் ஒப்புவிக்கும் போட்டி. எட்டாம் வகுப்பில் ஒரு பையன், வெண்கல மணி மாதிரிக் குரல். தாத்தா எனக்குக் கொடுத்ததை எல்லாம் அவனுக்குக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் நிற்க வைத்து மூச்சு, தனிச்சொல், ஈற்றடி எல்லாம். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் குரல் உடைந்தது. எனக்குக் கோபம், பரிசு போகிறதே என்று. வகுப்பு முழுக்க இருக்கும்போது, "தகர டப்பாவுல கல்லப் போட்டு உருட்டுன மாதிரி இருக்கு. நீ உக்காரு" என்று சொல்லிவிட்டு வேறொரு பிள்ளையை எழுப்பினேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

அந்த வருஷம் முடிகிற வரை அவன் வாய் திறந்து ஒரு செய்யுள் சொல்லவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், உதட்டை மட்டும் அசைப்பான். பிறகு பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டான். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்கு உறைத்தது, நான் எந்த எமனுடைய இடத்தில் நின்றேன் என்று. மறுநாள் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். டீச்சர் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று ஒரு வறட்டுக் கௌரவம். கேட்கவில்லை.

தம்பி, இந்தப் பதிவு எப்படியாவது உன் கண்ணில் பட்டால், உன் பெயரை நான் இங்கே எழுதாவிட்டாலும் உனக்குத் தெரியும். உன் குரலில் ஒரு குறையும் இல்லை. அது வளர்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். பொறுக்காதது நான். என்னை மன்னித்துவிடு.

சரி, இனி கேட்ட கேள்விக்கு வருகிறேன். தொண்டை போன என் மாணவிக்கும், ஆசிரியர்களாக இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் நாலு விஷயம். மூச்சு தோளில் ஏறாமல் வயிற்றுக்குப் போகட்டும். வகுப்பு இரைந்தால் அதற்கு மேலே கத்தாதீர்கள். நின்று, கடைசி பெஞ்சுப் பிள்ளையின் கண்ணைப் பார்த்து, மெய்யெழுத்தை அழுத்திச் சொல்லுங்கள், போய்ச் சேரும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் வையுங்கள். தொண்டை கட்டினால் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான், அதற்குப் பேசாமலே இருக்கலாம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். தினம் ஒரு வெண்பாவை ராகம் போடாமல், அக்கரையில் ஒருத்தன் நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். இதை நான் பணி ஓய்வு பெறும் வரை செய்தேன். 1986-க்குப் பிறகு எனக்குத் தொண்டை போனதில்லை.

இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுகிறார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிற இடத்தை உட்கார்ந்து கேளுங்கள். மைக் வந்துவிட்டது, ஆனாலும் பழக்கத்தில் சுருதி இறங்கவில்லை. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நிற்கிறது, சந்தோஷம். ஆனால் கண்மாய்க் கரைப் பாடத்தை எழுதி வைத்தவர்கள் குறைவு. உங்கள் வீட்டிலோ ஊரிலோ வேஷம் கட்டின, பின்பாட்டுப் பாடின, ஹார்மோனியம் வாசித்த பெரியவர் யாராவது இருந்தால் போனில் பதிவு பண்ணி வையுங்கள். பாடச் சொல்ல வேண்டாம். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள், யார் சொல்லித் தந்தார்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று கேளுங்கள்.

வீட்டில் பதிமூன்று பதினாலு வயதுப் பையன் இருந்தால், அவன் குரல் உடையும்போது யாரும் சிரிக்காதீர்கள். ஆறு மாசம் பொறுங்கள்.